கண்காணிப்பு, அரசு: விழுப்புரம் – புதுச்சேரி வட்டாரம்

விழுப்புரம், திண்டிவனம், விக்கிரவாண்டி, செஞ்சிப் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய புதுச்சேரியிலும் அரசு குடிகளை வேவு பார்த்ததும் பதிவேட்டில் ஏற்றியதும், அதற்கு எதிராகத் தனியுரிமை சட்டத்தில் இடம்பெற்றதும் இக்கட்டுரையின் பொருள். இவற்றுள் தமிழகப் பகுதி 1993 செப்டம்பர் வரை தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சான்றுகள் எல்லாக் காலத்துக்கும் ஒரே அளவில் இல்லை. 1908 முதல் 1918 வரையிலான பத்தாண்டுக்குக் குவிந்து கிடக்கின்றன; மற்றக் காலங்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகவே கிடைக்கின்றன.

தொடக்ககாலம்

திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ‘ஒற்றாடல்’, ஒற்றரை அரசனின் இன்றியமையாத கருவியாகவே கருதுகிறது. வேவு பார்க்கப்படுபவரின் நிலை அதில் பேசுபொருள் அல்ல. பனமலைக் குன்றின்மேல் பல்லவன் ராஜசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலின் வடமொழிக் கல்வெட்டு பல்லவரின் குலவரிசையைப் பாடுகிறது. குடிகள்மீதான காவல் முறைக்கு அதில் சான்று இல்லை.

கம்பெனி ஆட்சியில் 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி கிராமத் தலைவருக்குக் காவல் பொறுப்பையும் கொடுத்தது. தந்தியை இடைமறிக்க 1885ஆம் ஆண்டுச் சட்டமும், அஞ்சலைப் பிரிக்க 1898ஆம் ஆண்டுச் சட்டமும் வழிசெய்தன. சென்னை மாகாண சி.ஐ.டி. பிரிவு 1906இல் தோன்றியது.

புதுச்சேரியில் வேவு (1908–1918)

‘இந்தியா’ இதழ்மீது வழக்கு வந்ததை அடுத்து சுப்பிரமணிய பாரதி 1908இல் புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. 1910 ஏப்ரலில் அரவிந்தரும், அதே ஆண்டின் பிற்பகுதியில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879 முதலே ரயில் இருந்தது. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேய ஊர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் வயல்வெளியில் சற்று நடந்தாலே ஆட்சி மாறிவிடும். இந்த அமைப்பு தப்பி வந்தவர்களுக்கு எவ்வளவு வசதியோ, அவ்வளவு வசதி ஒற்றர்களுக்கும்.

அயல் மண்ணில் கைது செய்ய அதிகாரம் இல்லாததால் ஆங்கிலேய அரசு ஆட்களை அனுப்பி வேவு பார்த்தது. யார் வந்தார், யார் போனார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பவை குறிப்புகளாயின. கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. ‘இந்தியா’ இதழ் ஆங்கிலேயப் பகுதிக்குள் நுழையத் தடை வரவே, சந்தாதாரரை இழந்து 1910இல் அது நின்றுபோனது. பாரதி தமக்கு நேர்ந்த தொல்லைகளை ‘ஹிந்து’ நாளிதழுக்குக் கடிதங்களாக எழுதினார்.

1911இல் பிரெஞ்சு நிர்வாகமும் பிடியை இறுக்கியது. வெளியிலிருந்து வந்தவர்கள் ஊரின் மதிப்புக்குரிய ஐவரிடம் நற்சான்று பெற்றுத் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என்றானது. அரவிந்தருக்கு முதலில் தங்க இடம் கொடுத்த கலவை சங்கர செட்டியார் இதற்கும் துணைநின்றார். அதே ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் புதுச்சேரிக்கு வந்துபோனவர் என்று தெரிந்ததும் வேவு பன்மடங்காயிற்று. கொலையில் புதுச்சேரியில் இருந்தவர்களின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இக்காலத்தைப் பற்றி எழுதியோர் அநேகமாக எல்லோரும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது மூடிய ஜாடி ஒன்று வாளியோடு மேலே வந்தது. உள்ளே காளி படமும் புரட்சிப் பிரசுரங்களும் இருந்தன. ஒற்றர்கள் இரவில் போட்ட பொய்ச் சான்று இது என்று ஊகித்த நண்பர்கள், அதை ஒளிக்காமல் தாங்களே பிரெஞ்சுப் போலீசில் ஒப்படைத்தனர். யோசனை பாரதியுடையது என்பர். பின்னர் சோதனைக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி, அரவிந்தரின் மேசையில் கிரேக்க, லத்தீன் எழுத்துகளைக் கண்டு வியந்து, சோதனையை அத்தோடு முடித்து நண்பராகவே திரும்பினாராம். ஜாடி எதனால் ஆனது, கிணற்றில் கண்டவர் யார், சோதனை எந்தெந்த வீடுகளில் நடந்தது என்பவற்றில் நினைவுக் குறிப்புகள் வேறுபடுகின்றன. நீதிபதியின் வியப்பு மட்டும் மாறுவதில்லை.

1918 நவம்பர் 20 அன்று பாரதி ஆங்கிலேய எல்லைக்குள் வந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். எழுதுவதை வெளியிடும் முன் சி.ஐ.டி. அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு டிசம்பரில் விடுவிக்கப்பட்டார்.

கைரேகைச் சட்டம் (1911–1947)

இதே ஆண்டுகளில் மாகாணத்தில் மற்றொரு கண்காணிப்பும் தொடங்கியது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தனியொருவரின் செயலைப் பாராமல் பிறந்த சாதியைக் கொண்டே பதிவு செய்த சட்டம் இது. தென்னார்க்காட்டில் குறவரும், ‘வேப்பூர்ப் பறையர்’ என்று அரசு குறித்த பிரிவினரும் இதற்கு உள்ளாயினர்; அஜீஸ் நகரில் குடியிருப்பு ஒன்றும் நடத்தப்பட்டது. பதிவானவர்கள் ரேகை வைக்க வேண்டும், இரவில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தபோது போலீசார் சுட்டனர். இறந்தவர் 16 என்றும் 17 என்றும் சொல்லப்படுகிறது; அவர்களுள் ஒருவர் மாயக்காள் என்னும் பெண். கள்ளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தனர். மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.

தென்னார்க்காட்டில் ரேகை வைத்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்பு எதையும் இக்கட்டுரைக்குப் பயன்பட்ட நூல்கள் குறிப்பிடவில்லை. புதுச்சேரியில் வேவு பார்க்கப்பட்டவர்கள் எழுதத் தெரிந்தவர்கள். ரேகை வைத்தவர்களைப் பற்றிப் பேசுபவை பெரும்பாலும் போலீஸ் ஏடுகளே. மேலே ஒரு பகுதி நீண்டும் இப்பகுதி குறுகியும் இருப்பதற்கு அதுவே காரணம்.

விடுதலைக்குப் பின்

1948இல் மாகாண அரசு வழக்கமான குற்றவாளிகளுக்கான சட்டத்தை இயற்றியது. பழைய பார்வை அத்துடன் அகன்றதா என்பது விவாதத்துக்குரியது. திருட்டு வழக்கு என்றால் இருளர் குடியிருப்பைத் தேடிப் போவது வழக்கமாகிவிட்டது என்று, திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் நெடுங்காலமாகக் கூறிவருகிறது.

நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு நீக்கப்பட்டபின், பத்திரிகைத் தணிக்கை தமிழ்நாட்டிலும் கடுமையாயிற்று.

நீதிமன்றங்கள்

போலீசார் இரவில் வீடு புகுந்து பார்ப்பதை 1962இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. ஆனால் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. ‘நக்கீரன்’ ஆசிரியர் ராஜகோபால் வழக்கில் 1994இல் வந்த தீர்ப்பு, ‘தனித்து விடப்படும் உரிமை’ உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவதைப் பற்றி எழுந்த வழக்கு அது. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு 1996இல் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

அண்மைக்காலம்

ஆதாரும் ரேஷன் கடைக் கருவியும் வந்தபின் விரல் ரேகை எல்லோருக்கும் பொதுவாயிற்று. களையெடுத்தும் நாற்று நட்டும் ரேகை தேய்ந்த முதியவர்களின் விரலைக் கருவி ஏற்காதபோது, கடைக்காரர் அதைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வது ஊருக்கு ஊர் காணும் காட்சி. ரேஷன் கடைகளில் கருவிழிப் பதிவு பின்னர் வந்தது.

தமிழ்நாடு காவல்துறை 2021இல் முகமறியும் மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதன் தரவுத்தளத்தில் ஊடுருவல் நடந்ததாகச் செய்தி வந்தது. வெளியேறிய தரவின் அளவு பற்றிய கூற்றுகள் ஒத்துப்போகவில்லை. 1920ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம், ரேகையோடு கருவிழியையும் சேகரிக்க இடமளிக்கிறது. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்துக்குப் பதிலான புதிய சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது; அஞ்சலை இடைமறிக்கும் அதிகாரம் அதிலும் உண்டு. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருகிறது.

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இல்லாமல் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியாது என்று தீர்ப்பளித்து, 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்றை ரத்து செய்தார்.