வாய் திறக்காத வீரர்கள், வண்ணம் தொடும் கைகள்: சிறப்புப் படையினருக்கும் குடும்பத்தாருக்கும் கலைச் சிகிச்சை

போரில் கையையோ காலையோ இழந்து திரும்புகிறவரின் காயம் வீட்டார் கண்ணுக்குத் தெரியும். உடல் முழுதாகத் திரும்பி வந்து, இரவெல்லாம் உறங்காமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் காயம் தெரியாது. மனைவி கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். பிள்ளை சத்தம் போட்டு விளையாடினால் எரிந்து விழுவார். தமக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல அவருக்கே சொற்கள் இல்லை.

இத்தகையவர்களுக்கு அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் மருந்து, ஆலோசனை ஆகியவற்றுடன் கலைச் சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களைப் பற்றி நம் வாசகர்களுக்குத் தெளிவான கருத்து இருக்கும். அந்தப் போர்களில் வீட்டையும் பிள்ளைகளையும் இழந்த மக்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு மருத்துவ ஏற்பாடு கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் மனக்காயம் எப்படி மௌனமாகிறது, அந்த மௌனம் எப்படி ஒரு குடும்பத்தைச் சூழ்கிறது என்பது எல்லா வீடுகளுக்கும் பயன்படும் செய்தி.

சிறப்பு நடவடிக்கைப் படையினர் யார்?

1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்க எடுத்த முயற்சி தோல்வியடைந்தது. 8 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். அதிலிருந்து கற்ற பாடங்களின் விளைவாக 1987-இல் சிறப்பு நடவடிக்கைகளுக்கென்று தனித் தலைமையகம் உருவாக்கப்பட்டது. அது புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் உள்ளது. கிரீன் பெரே, ரேஞ்சர், நேவி சீல், மரீன் ரெய்டர் போன்ற பிரிவுகள் இதன்கீழ் வருகின்றன.

இவர்கள் சாதாரணப் படையினரைவிட அடிக்கடி களத்துக்கு அனுப்பப்படுகிறவர்கள். பயிற்சியின்போதே வெடி அதிர்வுகளைத் தலையில் திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள். மூளைக்காயம், உறக்கமின்மை, நாள்பட்ட வலி, மனச்சோர்வு, குடும்ப உறவில் விரிசல் எனப் பல சிக்கல்கள் இவர்களிடம் ஒன்றுசேர்ந்து காணப்படுவதை, 2020-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை 'ஆபரேட்டர் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டு விவரித்தது.

மூன்று பூட்டுகள்

இவர்களின் வாய்க்கு மூன்று பூட்டுகள் உண்டு.

முதலாவது, இரகசியக் காப்பு. எங்கே போனோம், என்ன செய்தோம் என்பதை மனைவியிடம்கூடச் சொல்ல அனுமதியில்லை.

இரண்டாவது, கௌரவம். கடுமையான தேர்வுகளைக் கடந்து வந்தவர், "எனக்கு முடியவில்லை" என்று சொன்னால் படைப்பிரிவிலிருந்து ஒதுக்கப்படுவோமோ என்று அஞ்சுகிறார்.

மூன்றாவது பூட்டு மூளையிலேயே இருக்கிறது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் உள்ள சிலரின் மூளையை, அவர்களுடைய கொடிய நினைவுகளைத் தூண்டியபடி படம்பிடித்த ஆய்வு ஒன்று 1996-இல் வெளியானது. பேச்சை உருவாக்கும் 'புரோக்கா' பகுதியின் இயக்கம் அப்போது குறைந்ததை அது காட்டியது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மிகச் சிலரே. என்றாலும், "நினைத்தால் வாயடைத்துப் போகிறது" என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்வது வெறும் சாக்கு அல்ல என்பதற்கு அது ஒரு சான்று.

பேச்சு அடைபட்ட இடத்தில் கை வேலை செய்யலாம் என்பதே கலைச் சிகிச்சையின் அடிப்படை.

தொடக்கம்

'ஆர்ட் தெரபி' என்ற சொல்லை 1942-இல் உருவாக்கியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். முதல் உலகப் போரின் களக் காட்சிகளை வரைந்தவர். பின்னாளில் காசநோயால் ஒரு சானடோரியத்தில் படுத்திருந்தபோது, வரைவது தம் மனத்தைத் தேற்றுவதை உணர்ந்தார். அங்கிருந்த மற்ற நோயாளிகளுக்கும், போரில் காயமுற்று வந்தவர்களுக்கும் தூரிகையைக் கொடுத்தார். ஆக, இந்தச் சிகிச்சை பிறக்கும்போதே படைவீரர்களோடு தொடர்புடையதாக இருந்தது. 1969-இல் அமெரிக்கக் கலைச் சிகிச்சைச் சங்கம் தொடங்கப்பட்டது.

முகமூடி சொன்ன செய்தி

வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவில், வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவ வளாகத்தில், 'நேஷனல் இன்ட்ரெபிட் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்ற மையம் 2010-இல் திறக்கப்பட்டது. மூளைக்காயமும் மன அழுத்தமும் சேர்ந்து உள்ள படையினருக்கு நான்கு வாரத் தீவிரச் சிகிச்சை தரும் இடம் அது. அங்கே கலைச் சிகிச்சையை வளர்த்தெடுத்தவர் மெலிஸா வாக்கர்.

அங்கு வருகிறவரிடம் வெற்று முகமூடி ஒன்று கொடுக்கப்படும். வண்ணம், களிமண், கம்பி, துணி எதை வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம். முதலில் பலர், "இது சிறுபிள்ளை விளையாட்டு" என்று முகம் சுளித்ததுண்டு. பிறகு அவர்களே மணிக்கணக்கில் அதில் மூழ்கினார்கள். ஒருவர் வாயைத் தைத்து மூடினார். இன்னொருவர் முகத்தை இரண்டாகப் பிளந்து, வீட்டுக்கு ஒரு பாதி, போருக்கு ஒரு பாதி என்று காட்டினார். இறந்த தோழர்களின் நினைவைத் தாங்கிய முகமூடிகளும் உண்டு. 2015 பிப்ரவரி 'நேஷனல் ஜியோகிராபிக்' இதழ் இவற்றை வெளியிட்டபோது உலகம் முழுவதும் பேசப்பட்டன.

முகமூடி செய்வதோடு சிகிச்சை முடிவதில்லை. "இந்தக் கறுப்பு எதைக் காட்டுகிறது?" என்று சிகிச்சையாளர் கேட்கிறார். வீரர் தம்மைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. முகமூடியைப் பற்றிப் பேசினால் போதும். இரகசியமும் கசிவதில்லை. ஊர் பெயர், நாள், நடவடிக்கை எதையும் சொல்லாமலே வேதனையை மட்டும் வெளியே வைக்க முடிகிறது.

குடும்பத்துக்கு ஏன்?

சிறப்புப் படை வீரரின் மனைவிக்கு, கணவர் எங்கே போகிறார், எப்போது வருவார் என்பது பல நேரம் தெரியாது. பிள்ளைகள் கேட்கக்கூடாத கேள்விகளோடு வளர்கிறார்கள். திரும்பி வந்தவரின் கோபத்தைக் கண்டு, "நான் ஏதோ தவறு செய்துவிட்டேன்" என்று குழந்தை தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும்.

சிறப்பு நடவடிக்கைத் தலைமையகம் 'படையையும் குடும்பத்தையும் பேணுதல்' என்ற திட்டத்தை நடத்துவது இதனால்தான். உடல், உளம், ஆன்மிகம், குடும்ப உறவு ஆகியவற்றைச் சேர்த்தே அது கவனிக்கிறது. அரசின் கலை நிதியமும் இராணுவத் துறையும் இணைந்து நடத்தும் 'கிரியேட்டிவ் ஃபோர்சஸ்' திட்டம் கலைச் சிகிச்சையைப் பல முகாம்களுக்குக் கொண்டு சென்றது. மரீன் ரெய்டர்களின் இருப்பிடமான கேம்ப் லெஜூன் அவற்றில் ஒன்று.

குடும்ப அமர்வில் தந்தையும் பிள்ளையும் ஒரே தாளில் வரையலாம். வீட்டில் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று குழந்தை வரையும் படத்தில் தந்தை ஒரு மூலையில் தனியே நின்றால், அதைப் பார்க்கும் தந்தைக்கு விளக்கம் தேவைப்படாது. வீரர் செய்த முகமூடியைப் பார்த்துத்தான், அவருக்குள் என்ன நடக்கிறது என்பதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட மனைவியரும் உண்டு.

ஆய்வுகளும் எல்லைகளும்

வால்ட்டர் ரீடில் செய்யப்பட்ட 370 முகமூடிகளை ஆய்வாளர்கள் வகைப்படுத்தினர். 2018-இல் வெளியான ஆய்வின்படி, மனக்காயத்தை நேரடியாகக் காட்டியவர்களிடம் மன அழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன. உருவகமாகக் காட்டியவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. போர் மன அழுத்தம் உள்ளவர்களில் கலைச் சிகிச்சை சேர்த்த உளச்சிகிச்சையையும் உளச்சிகிச்சையை மட்டும் அளிப்பதையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான சோதனையில் பங்கேற்றவர்கள் 11 பேர் மட்டுமே.

எனவே இது மருந்துக்கோ உளச்சிகிச்சைக்கோ மாற்று அல்ல. அவற்றோடு சேர்ந்து நடப்பது. வரையும்போது கொடிய நினைவு திடீரென்று கிளம்பினால் கையாளத் தெரிந்த, முறையாகப் பயின்ற சிகிச்சையாளர் அருகில் இருக்க வேண்டும். ஓவிய வகுப்பு வேறு, இது வேறு. இங்கே படம் அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

உயிருள்ளவற்றின் உருவம் வரைவது குறித்து நம் குடும்பங்களில் தயக்கம் இருப்பதால் ஒரு விளக்கம்: இச்சிகிச்சைக்கு உருவம் கட்டாயமல்ல. வண்ணம், கோடு, வடிவம், களிமண், எழுத்து எதுவும் போதும். விருப்பத்தைச் சிகிச்சையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம்.

நம் வீட்டிலும் பெரும் துயரத்துக்குப் பின் பேச்சைக் குறைத்துக்கொண்டவர் இருக்கலாம். "ஏன் இப்படி இருக்கிறாய், வாயைத் திறந்து சொல்" என்று நெருக்குவதால் அவர் இன்னும் உள்ளே ஒடுங்குவார். பக்கத்தில் உட்காருங்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். குழந்தை கறுப்பாக எதையோ கிறுக்கினால் கண்டிக்காமல், "இதைப் பற்றி எனக்குச் சொல்கிறாயா?" என்று மெல்லக் கேளுங்கள். உறக்கமின்மையும் கோபமும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.