கணக்கேடு காட்டிய குற்றம்

பிறர் குற்றத்தை வெளிப்படுத்தும் செயலுக்குத் தமிழ் வழக்கிலுள்ள சொற்கள் பெரும்பாலும் இழிபொருள் தருவன. கோள் சொல்லல், காட்டிக் கொடுத்தல், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தல் என்பன அவற்றுட் சில. ஒருவன் தான் ஊதியம் பெறும் இடத்தின் ஊழலை வெளியிற் கூறுவானாயின் இவற்றுள் ஒன்று அவன்மீது வந்து விழுதல் ஒருதலை. அரசனை இடித்துரைக்கும் துணைவரை வள்ளுவர் போற்றினார். ஆயின் அவர் அரசன் முகத்தெதிரே நின்று அரசனுக்கே கூறுபவர். கூறியும் கேளாதவிடத்து ஊரறியக் கூறுபவனுக்குப் பழைய வழக்கில் நற்பெயர் எதுவும் நிலைபெறவில்லை. கௌடலியரின் அர்த்தசாத்திரம் அரசிறையைக் கையாடியவனைப் பற்றி அறிவிப்பவனுக்கு, குற்றம் மெய்ப்பிக்கப்படின், அப்பொருளில் ஆறிலொரு பங்கும், அறிவித்தவன் சேவகனாயின் பன்னிரண்டிலொரு பங்கும் விதிக்கின்றது. மெய்ப்பிக்கத் தவறின் தண்டமும் உண்டு. அது துப்புக்குத் தரும் கூலியேயாம். நம் நாட்டில் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இத்தகையோரைப் பாதுகாக்கும் ஏற்பாடுகளைக் கொண்டுள்ளது. சட்டம் வந்த பின்னும் சொல் மாறியதாக இல்லை. ஆசிரியர் அறையிலும் மாணவர் விடுதியிலும் இன்றும் ‘காட்டிக் கொடுத்தான்’ என்பதே பேச்சு.

கோள் சொல்பவனுக்கும் கொடுமையை வெளியிடுபவனுக்கும் உள்ள வேறுபாடு யாது? இலக்கணம் கூறி இதனை விளக்குதலினும் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்து நோக்குதல் நன்று. அது கொங்கோ நாட்டைப் பற்றியது; அதனை வெளிக்கொணர்ந்தவர் ஒரு கப்பற் கொம்பனியின் லிகிதர்.

ஐரோப்பிய வல்லரசுகள் ஆபிரிக்காவைப் பங்கிட்ட காலத்தில், 1885 இல், பெல்சிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் கொங்கோ ஆற்று வடிநிலத்தைத் தமது சொந்த உடைமையாகப் பெற்றார். பெல்சிய நாட்டுக்கு அதில் உரிமையில்லை. மன்னர் ஒருவருக்கே உரிமை. அந்நிலம் பெல்சியத்தைப் போல் எழுபத்தாறு மடங்கு பெரிது. அடிமை வாணிகத்தை ஒழிப்பதும், எல்லா நாட்டு வணிகருக்கும் வழி திறப்பதும், நாகரிகம் பரப்புவதுமே தமது நோக்கமென மன்னர் உலகுக்குக் கூறினார். உலகம் நம்பிற்று. அவர் அந்நாட்டுக்கு ஒருமுறையேனும் சென்றாரல்லர். 1888 இல் டன்லொப் காற்றடைத்த ரயரை ஆக்கியபின் இறப்பரின் விலை ஏறியது. கொங்கோக் காடுகளில் இறப்பர்ப் பால் தரும் கொடிகள் மிகுதி. 1890 களின் தொடக்கத்தில் ‘ஆளில்லா நிலம்’ யாவும் அதன் விளைபொருளும் ஆட்சிக்கே உரியன எனக் கட்டளைகள் பிறந்தன.

எட்மண்ட் மொறெல் 1873 இற் பாரிஸ் நகரிற் பிறந்தவர். தந்தை பிரான்சியர், தாய் ஆங்கிலேயர். பதினெட்டு வயதளவில் லிவர்ப்பூல் நகரிலிருந்த எல்டர் டெம்ஸ்ரர் என்னும் கப்பற் கொம்பனியில் லிகிதராய்ச் சேர்ந்தார். கொங்கோவுக்கும் அந்துவேப்புத் துறைமுகத்துக்கும் இடையே சரக்கேற்றும் ஒப்பந்தம் அக்கொம்பனியிடம் இருந்தது. பிரெஞ்சு மொழி சரளமாக வந்தமையால் மொறெல் அவ்வப்போது அந்துவேப்புக்கு அனுப்பப்பட்டார். ஆபிரிக்க வாணிகம் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதும் பழக்கமும் அவருக்கிருந்தது. தொடக்கத்தில் லியோபோல்டின் ஆட்சியை ஆதரித்து எழுதியவரும் அவரே என்பது ஈண்டு மறக்கற்பாலதன்று. பகைமை கொண்டு குற்றந் தேடிச் சென்றவரல்லர் அவர்.

துறைமுகத்தில் அவர் கண்டது யாது? பிணமுமில்லை, குருதியுமில்லை. கப்பல்களும் கணக்குகளுமே அவர் கண்டவை. கொங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் இறப்பரும் யானைத் தந்தமும் நிறைந்து வந்தன. அவற்றின் அளவை ஆட்சியினர் அச்சிட்டு வெளியிட்ட புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டபோது வந்திறங்கிய பொருள் வெளியிட்ட கணக்கினும் மிகுதியாயிருந்தது. எனின், மிகுதி யாருடைய பைக்குட் சென்றது? இது முதலாம் ஐயம். திரும்பிச் செல்லும் கப்பல்களில் துவக்குகளும் தோட்டாக்களும் பெருந்தொகையாக ஏற்றப்பட்டன. இது இரண்டாவது. மூன்றாவதே எல்லாவற்றிலும் கொடிது. கொங்கோவுக்குச் சென்ற சரக்குகளில் ஏறக்குறைய 80 சதவீதம் வாணிகத்துக்குப் பயன்படாதவை. துணி, உப்பு, பாத்திரம் என மக்களுக்கு மாற்றாகக் கொடுக்கத்தக்க பொருள் மிகச் சிறிதே சென்றது. ஆகவே கோடிக்கணக்கான பெறுமதியுள்ள பொருள் அந்நாட்டினின்று எடுக்கப்படுகின்றது. அதனைச் சேகரிப்போருக்கோ யாதும் கொடுக்கப்படுவதில்லை. விலை கொடாமற் பொருள் வருமாயின், துவக்கின் முனையில் வாங்கும் வேலையினாலன்றி வேறெவ்வழியில் வரும்?

ஆபிரிக்க மண்ணை மிதியாமலே, ஏட்டிலுள்ள இலக்கங்களைக் கூட்டிக் கழித்து ஒரு நாட்டின் அடிமைத்தனத்தை அவர் கண்டுபிடித்தார். வரலாற்று மாணவர் இதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அதே கப்பல்களை நாள்தோறும் எண்ணிப் பதிந்த லிகிதர் வேறு பலரும் இருந்தனர். அவர்கள் எண்ணினர், அவர் சிந்தித்தார்.

மொறெல் முதலிற் சென்றது பத்திரிகைக்கன்று; தம் முதலாளி அல்பிரட் ஜோன்ஸ் அவர்களிடமே சென்று முறையிட்டார். ஜோன்ஸ் லிவர்ப்பூலில் கொங்கோ ஆட்சியின் கௌரவ கொன்சலாகவும் விளங்கியவர். எனவே முறையீடு குளிர்ந்த முகத்தோடு கேட்கப்பட்டது. பின்னர் வெளிநாட்டிற் கூடிய சம்பளத்தில் ஒரு பதவி தருவதாகக் கூறினர். மறுத்தார். வேலை சிறிதும் ஊதியம் பெரிதுமான ஆலோசகர் பதவியொன்றைக் காட்டினர். அதனையும் மறுத்தார். 1901 இல், மனைவியும் குழந்தைகளும் இருக்கையில், கையிற் பொருளின்றி வேலையைத் துறந்தார். சொல்வதற்குக் கூலி பெறுபவன் ஒற்றன். சொல்லாதிருப்பதற்குத் தரப்பட்ட கூலியை மறுத்தவர் மொறெல்.

1903 இல் அவர் ‘மேற்கு ஆபிரிக்க அஞ்சல்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். லிவர்ப்பூல் வணிகர் ஜோன் ஹோல்ற் பொருளுதவி செய்தார். கொங்கோ வாணிகம் பிறருக்கும் திறக்கப்படுவது ஹோல்ற் போன்ற வணிகருக்கு ஆதாயமே என்பதையும் நாம் மறைத்தலாகாது. பத்திரிகை வெளிவரத் தொடங்கியதும் ஆட்சியின் உள்ளிருந்தோரே இரகசியக் கடிதங்களையும் கட்டளைகளையும் அவருக்கு அனுப்பலாயினர். சேகரித்த இறப்பருக்கேற்ப அலுவலர்க்குத் தரகுப் பணம் வழங்கப்பட்டமை இவ்வாறே வெளிப்பட்டது. மக்களுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தனரோ அவ்வளவுக்கு அலுவலரின் தரகு கூடியது. ஊழலைச் சட்டமாகவே எழுதி வைத்த ஆட்சி அது.

1903 மே மாதத்திற் பிரித்தானியப் பாராளுமன்றம் கொங்கோ பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கிருந்த பிரித்தானிய கொன்சல் றொஜர் கேஸ்மென்ற் உள்நாடு சென்று விசாரித்தார். படைவீரர், செலவிட்ட தோட்டாக்களுக்குக் கணக்குக் காட்ட வெட்டிய கைகளைக் கொண்டுவந்தமையை அவருடைய அறிக்கை சான்றுகளோடு கூறியது. 1904 பெப்ரவரியில் அரசாங்கம் அதனை வெளியிட்டபோது ஆட்களின் பெயரையும் ஊர்களின் பெயரையும் நீக்கி வெறும் எழுத்துக்களை இட்டது. கேஸ்மென்ற் கடுஞ்சினங் கொண்டார். பெயரில்லாச் சான்றைப் பொய்யென்று தள்ளுதல் எளிதன்றோ! அவ்வாண்டு மார்ச்சில் கொங்கோச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. மறுப்பதற்கெனவே மன்னர் அனுப்பிய மூன்று நீதிபதிகளின் விசாரணைக் குழுவும் 1905 இல் மொறெல் கூறியவற்றை உறுதிசெய்தது.

1908 நவம்பரில் பெல்சிய நாடு கொங்கோவை மன்னரிடமிருந்து பொறுப்பேற்றது. அதற்குக் கைம்மாறாக, அவருடைய பெருந்தியாகங்களுக்கு நன்றியெனக் கூறி 5 கோடி பிராங்கு அவருக்கு அளிக்கப்பட்டது. கைம்மாற்றத்துக்கு முன், ஆகஸ்ட் மாதத்தில், கொங்கோ ஆட்சியின் ஏடுகள் எட்டு நாட்களாக எரிக்கப்பட்டன. கணக்கேடு தம்மைக் காட்டிக் கொடுத்தமையை மன்னர் நன்கறிந்திருந்தார் போலும்.

இவ்வெற்றி முழுவதும் எழுத்தின் வெற்றியென்று கொள்ளுதல் மிகையாகும். 1876 இல் நம் கம்பஹாப் பகுதியிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட பிரேசில் இறப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள் இலங்கையிலும் மலாயாவிலும் பெருகியபோது காட்டுக்கொடி இறப்பர் தன் மதிப்பை இழந்தது. அத்தோட்டங்களிற் பால் வெட்டிய கைகளுட் பல தென்னிந்தியத் தமிழரின் கைகள் என்பதும், அவர்தம் கணக்கேடுகளிலும் படிக்க வேண்டியவை உண்டு என்பதும் வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

மொறெல் குற்றமற்ற மனிதரல்லர். 1920 இல் இறைன் நதிப் பகுதியில் நிறுத்தப்பட்ட ஆபிரிக்கப் படைவீரரை இழிவுபடுத்தி நிறவெறி கலந்த சிறுநூல் எழுதியவரும் அவரே. ஆயினும் உலகப் போரை எதிர்த்ததனால் 1917 இல் ஆறுமாதச் சிறை பெற்று, கேஸ்மென்ற் முந்திய ஆண்டிலே தூக்கிலிடப்பட்ட அதே பென்ரன்வில் சிறையில் இருந்தார். 1922 இல் டண்டீத் தொகுதியில் வின்ஸ்ரன் சேர்ச்சில் தோற்ற தேர்தலில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். 1924 இற் காலமானார். லிவர்ப்பூலில் இருந்தவரை லியோபோல்டின் கை அவர்மேற் படவில்லை. அவருக்குப் பத்திரிகை இருந்தது, பாராளுமன்றம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது.

இவை எவையும் இல்லாத இன்னொரு லிகிதரும் இவ்வரலாற்றில் உளர். ஹெசக்காயா அன்றூ ஷானு என்பவர் லாகோசுக்கு அண்மையிற் பிறந்த ஆபிரிக்கர். 1884 இல் கொங்கோ சென்று லிகிதராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஆட்சியிற் பணியாற்றினார். பின்னர் வேலையை விட்டுத் தலைநகராகிய போமாவில் வணிகரானார், புகைப்படக்கலையிலும் வல்லவர், பெல்சியத்துக்குச் சென்று சொற்பொழிவாற்றிப் பாராட்டும் பெற்றார். ஆட்சியினரால் இத்துணை மதிக்கப்பட்ட அவர் 1903 முதல் கேஸ்மென்றுக்கும் மொறெலுக்கும் இரகசியமாகச் செய்திகளை அனுப்பினார். இறப்பர்க் கொம்பனி முகவர் ஒருவர் கொலைக் குற்றத்துக்காகப் போமாவில் விசாரிக்கப்பட்டபோது, மேலதிகாரிகள் கொடுமைகளை அறிந்தும் பொறுத்திருந்தனர் என்பதனையே நீதிமன்றம் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாகக் காட்டியது. அவ்வழக்கேட்டின் படிகளை மொறெலுக்கு அனுப்பியவர் ஷானு. மொறெல் வெளியிட்ட சான்றுகளுள் ஆட்சியை மிகவும் புண்படுத்தியவற்றுள் அஃதொன்று.

மேலும் செய்தி தேடியபோது, நண்பரென்று நம்பிய பொலிஸ் அதிகாரி ஒருவரால் அவர் வெளிப்பட்டுப் போனார். அவரைச் சிறையிலிட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அரச ஊழியர் எவரும் அவர் கடையிற் பொருள் வாங்கலாகாதெனக் கட்டளை பிறந்தது. போமாவில் அரச ஊழியரையன்றி வாங்குவோர் மிகச் சிலரே. வணிகம் நொடித்தது. 1905 யூலையில் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் அனுப்பிய படிகளை ஐரோப்பா வாசித்துவிட்டது. மன்னரின் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவருவதற்கோ இன்னும் சில மாதங்கள் இருந்தன.