முன்றிலும் முன்னொட்டும்

மூவாரின் இன்னொரு பெயர் பண்டார் மகாராணி. 1880களில், அபூபக்கர் ஜொகூரை ஆண்ட காலத்தில் எழுந்த நகரம் அது. அப்பெயரிலுள்ள ‘மகா’வை மலாய்மொழி இன்றும் சொல்லாக்கத்துக்குப் பயன்படுத்துகிறது, பல்கலைக்கழக மாணவர் ‘மஹாசிஸ்வா’. ஆங்கிலம் இலத்தீனிடம் பெற்ற முன்னொட்டுகள் சிலவற்றுக்கும் மலாய் இதே சமஸ்கிருதக் கிடங்கைத்தான் திறந்தது. ‘ப்ரீ’ அங்கே ‘ப்ரா’, ‘இன்டர்’ ‘அந்தாரா’, ‘பை’ ‘துவி’. பாலர்பள்ளியைக் குறிக்கும் ‘ப்ராசெகோலா’வில் சமஸ்கிருதத் தலை போர்ச்சுகீசிய உடலில் அமர்ந்திருக்கிறது, யாருக்கும் அது உறுத்தவில்லை. 1956இல் ஜொகூர் பாருவில் பிறந்த டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் கலைச்சொல் பணியில் இவ்வழி நிலைபெற்றது. மலாய் இலக்கணத்துக்கு அது இயல்பு. ‘பெர்’, ‘மெ’, ‘தெர்’ என வேர்ச்சொல்லின் முன்னே ஒட்டுபவை இன்றி அம்மொழியில் பல வினைகள் நடவா.

தமிழில் அந்த இடம் இல்லை. நன்னூல் கூறும் பகுபத உறுப்புகள் ஆறு. அவற்றுள் ஒன்றும் பகுதிக்கு முன் வருவதில்லை. சுட்டும் வினாவும் முன்னே வருமே எனலாம். அவை பொருளைச் சுட்டும், வினவும். புதுக் கலைச்சொல்லை ஆக்கா. ‘துணைவேந்தர்’, ‘மறுசுழற்சி’ முதலியவை நாம் முன்னொட்டு என்று பெயரிட்டு வழங்கும் தொகைகளே. எனவே ஓர் இலத்தீன் ஒட்டுக்கு ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அடிப்படை இல்லை. ‘இன்டர்நேஷனல்’ என்பதை மலேசியத் தமிழ் ‘அனைத்துலக’ என்கிறது. தமிழகம் ‘பன்னாட்டு’ என்கிறது. இரண்டிலும் ‘இடை’ இல்லை. மலாயும் அவ்வளவு கறாராக இல்லை: ‘அந்தாராபங்சா’ என்ற அதே மொழி ‘இன்டராக்டிஃப்’ என்பதை அப்படியே கடன்வாங்கிக்கொண்டது.

தமிழின் இயல்பான இடம் பின்புறம். மலாயின் ‘ப்ராசெஜாரா’ நமக்கு ‘வரலாற்றுக்கு முந்தைய காலம்’. சுருக்கங்களிலும் இதே நிலைதான். ‘ஆண்டவரின் ஆண்டில்’ எனப் பொருள்படும் ‘அன்னோ டோமினி’யைத் தமிழ் மொழிபெயர்க்கவில்லை, ‘கிறிஸ்துவுக்குப் பின்’ என்று தன் வரிசையில் புதிதாகச் சொல்லிக் கி.பி. எனச் சுருக்கியது.

ஆயினும் ஒரு பழைய வாசல் உண்டு. இல்முன் ‘முன்றில்’ ஆனதையும் நகர்ப்புறம் ‘புறநகர்’ ஆனதையும் இலக்கணப்போலி என்பர். சொற்கள் இடம்மாறினாலும் பொருள் மாறாது என்பது அதன் அடிப்படை. இன்று அது பொருந்துகிறதா? ‘நகர்ப்புற வாக்காளர்’ நகரத்தவர். ‘புறநகர் ரயில்’ நகரின் வெளிவட்டத்துக்குப் போவது. இடமாற்றமே பொருளைப் பிரித்துவிட்டது. உரையாசிரியர்கள் எதிர்பாராத இத்திருப்பத்தில்தான் தமிழுக்குரிய முன்னொட்டு ஒன்று உருவாகிறது என்பது என் துணிபு. ‘புறநோயாளி’யைப் பாருங்கள். ‘நோயாளிப்புறம்’ என்று அதைத் திருப்பிப் போட முடியாது. ‘புற’ அங்கே ஒட்டாகவே நிற்கிறது. முன்னொட்டுகளால் இயங்கும் மலாயோ, அதே நோயாளியை ‘பெசாகிட் லுவார்’ என்று, ‘வெளி’யைப் பின்னால் வைத்து எழுதுகிறது.