தண்ணீருக்காக மூழ்கடிக்கப்பட்ட கிராமம்... வேல்ஸ் மக்கள் 60 வருஷமா மறக்காதது ஏன்?

பிரிட்டனின் மேற்குப் பக்கம் இருக்கும் சின்ன நாடு வேல்ஸ். அங்கே லான்ரிஸ்டட் என்ற ஊர் பக்கம் சாலையில் போனால், பழைய கல் வீடு ஒன்றின் இடிந்த சுவர் தெரியும். சிவப்பு வண்ணத்தில் வெள்ளை எழுத்து: 'ட்ரவெரினை மறக்காதீர்கள்'. வேல்ஸ் மொழியில் இரண்டே வார்த்தை.

ட்ரவெரின் என்பது வடக்கு வேல்ஸில் உள்ள பள்ளத்தாக்கு. அங்கிருந்த கபெல் கெலின் கிராமத்தில் எல்லாரும் வேல்ஸ் மொழிதான் பேசினார்கள். பள்ளிக்கூடம், தபால் நிலையம், சர்ச், கல்லறைத் தோட்டம், சில பண்ணைகள். அவ்வளவுதான் ஊர்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. வேல்ஸ் உள்ளாட்சிகளிடம் அனுமதி கேட்காமல், நேராக லண்டன் நாடாளுமன்றம் போய் 1957ல் சட்டமே கொண்டு வந்துவிட்டார்கள். வேல்ஸ் எம்.பி.க்கள் 36 பேரில் ஒருத்தர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. கோபம் அணை மேல் மட்டுமல்ல, இதன் மேலும்தான். கிராம மக்கள் லிவர்பூலுக்கே போய் ஊர்வலம் நடத்தியும் பலனில்லை. 1965ல் ஊர் தண்ணீருக்குள் போனது.

மொழி மேல் என்ன கோபம்?

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1280களிலேயே வேல்ஸைப் பிடித்துவிட்டார். 1536ல் வந்த சட்டம், நீதிமன்ற மொழி ஆங்கிலம் மட்டும்தான் என்றது. ஆங்கிலம் தெரியாதவருக்கு அரசுப் பதவியும் கிடையாது. 'வேல்ஸ்' என்ற பெயரே 'அந்நியர்' என்ற பொருளில் பிறர் வைத்தது. அவர்கள் தங்கள் நாட்டைச் சொல்வது 'கம்ரி'. சொந்த மண்ணில் இருப்பவர்களுக்கு அந்நியர்னு பேர்!

மொழி பிழைத்ததற்குப் பெரிய காரணம், 1588ல் வில்லியம் மோர்கன் மொழிபெயர்த்த பைபிள். சட்டம் ஒதுக்கிய மொழி சர்ச்சில் வாழ்ந்தது.

அணைக்குப் பிறகு?

அடுத்த வருடமே, 1966ல், கர்மார்தன் இடைத்தேர்தலில் ப்ளைட் கம்ரி கட்சியின் க்வின்ஃபோர் எவன்ஸ் ஜெயித்தார். அந்தக் கட்சியின் முதல் எம்.பி. அவர். அணைக்கு எதிராக முன்னால் நின்றவரும் அவரே. வேல்ஸ் மொழிக்குத் தனி டிவி சேனல் தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியதும், 1980ல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982ல் சேனல் தொடங்கியது.

1997ல் சொந்த சட்டமன்றம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு. 'வேண்டும்' என்றவர்கள் 50.3 சதவீதம், வெறும் 6,721 வாக்கு வித்தியாசம்!

2005ல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் மொழி பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம், சுமார் 5.38 லட்சம் பேர். 2050க்குள் 10 லட்சம் ஆக்குவது அரசின் இலக்கு.

2019ல் யாரோ அந்தச் சுவரின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள். ஆட்கள் வந்து திரும்பக் கட்டினார்கள். கொஞ்ச நாளில் அதே வாசகம் வேல்ஸ் முழுக்கப் பல சுவர்களில் முளைத்துவிட்டது.