காலங்கடந்த காதற்கதையும் கற்பார் கருத்து வேறுபாடும்

அமெரிக்க எழுத்தாளர் டயானா கபால்டன் 1991-இல் வெளியிட்ட ‘அவுட்லேண்டர்’ என்னும் புதினத்தில், 1945-ஆம் ஆண்டினளாகிய செவிலி கிளேர், ஸ்காட்லாந்தின் பழங்கால கல்வட்டம் ஒன்றனுட் புகுந்து 1743-ஐ அடைகிறாள். ஆங்கு அவளை மணந்த ஜேமி, தன் சொல்லை மீறிப் பிறரை இடருக்குள்ளாக்கினாள் என்று அவளை வாரால் அடிக்கிறான். இப்பகுதி பற்றிக் கற்பார் இருதிறப்படுவர். அக்கால வழக்கை உள்ளவாறு காட்டியதே என்பர் ஒருசாரார். காதற்கதையிற் கொடுமைக்குக் காலம் காப்பாகாது என்பர் மற்றொரு சாரார்.

இவ்வேறுபாட்டின் காரணம், கல்கியின் ‘சோலைமலை இளவரசி’யோடு ஒப்பிடின் விளங்கும். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் ஈடுபட்டுப் பாழ்ங்கோட்டையில் ஒளிந்த குமாரலிங்கம், ஏறத்தாழ நூறாண்டுக்கு முற்பட்ட உலகநாதத் தேவராகவே தன்னைக் காண்கிறான். பழமையுட் புகுவோன் பழையோனாகவே மாறிவிடுதலின், அக்காலத்தை எடைபோட வேற்றுக் கண் அங்கில்லை. கிளேரோ தன் உடலோடும் தன் கால அறத்தோடும் செல்கிறாள். அவள் கொள்ளும் சினமும் அந்நூலின் பகுதியே. அதுவே கற்பார்க்கும் அளவுகோலாகிறது. ஆதலின், வழக்கென்று கூறி அவ்வடியை ஒதுக்குதல் நூலின் அமைப்புக்கே பொருந்தாது. கால வழக்கு ஒரு செயலுக்குக் காரணங் காட்டலாம். அதனை அறமாக்காது என்பதே நம் துணிபு.