யார் தோண்டிய வைரம்?

1991 முதல் 2002 வரை நடந்த சியராலியோன் போரில் கிளர்ச்சிக் குழு தோண்டுவித்த வைரங்கள் லைபீரியா வழியாக ஐரோப்பியச் சந்தைக்குப் போயின. லைபீரியா மண்ணில் கிடைப்பதைவிடப் பல மடங்கு வைரம் அதன் பெயரில் வந்திறங்கியது. வணிகர்கள் கேள்வி கேட்காமல் வாங்கினார்கள்.

2003இல் கிம்பர்லி சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. பட்டை தீட்டாத கல்லுக்கு அரசின் சான்றிதழ் கட்டாயமானது. கடத்தல் குறைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் வரைவிலக்கணத்தைப் பாருங்கள்: அரசுக்கெதிரான போருக்குக் கிளர்ச்சிக்காரர் பயன்படுத்துவது மட்டுமே 'மோதல் வைரம்'. அரசுகள் கூடி எழுதினால் வேறெப்படி இருக்கும்!

2008இல் சிம்பாப்வேயின் மராங்கேயில் வைரம் தோண்டிய ஏழைகளை இராணுவம் உலங்குவானூர்தியிலிருந்தும் சுட்டுக் கொன்றது. 2011 நவம்பரில் மராங்கே வைரங்களுக்கு ஏற்றுமதி அனுமதி கிடைத்தது. கிம்பர்லி முறைக்காகப் பாடுபட்ட குளோபல் விற்னஸ் அமைப்பு அடுத்த மாதமே அதிலிருந்து விலகியது.