பவுட்சன்: இரு மொழிகளின் மாவட்டம்

ஜேர்மனியின் கிழக்கே, சக்சனி மாநிலத்தில் அமைந்துள்ளது பவுட்சன் மாவட்டம். சோர்பிய மொழியில் இதன் பெயர் புடிஷின். முன்னைய பவுட்சன், காமென்ஸ் மாவட்டங்களும் ஹோயர்ஸ்வேர்டா நகரும் 2008 ஓகஸ்டில் இணைக்கப்பட்டதன் மூலம் இன்றைய மாவட்டம் உருவானது. ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் வாழும் இங்கு ஜேர்மனியரே பெரும்பான்மையினர். ஸ்லாவிய இனத்தவரான சோர்பியர் சிறுபான்மையினர்.

சோர்பியரின் டொமோவினா அமைப்பை 1937 இல் நாஜி ஆட்சி தடை செய்தது. அவர்களது மொழியையும் பொதுவாழ்விலிருந்து அகற்ற முற்பட்டது. இன்று நிலைமை வேறு. 1992 ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பும் 1999 ஆம் ஆண்டின் சோர்பியர் சட்டமும் அம்மொழிக்குப் பாதுகாப்பளிக்கின்றன. சோர்பியர் வாழும் பகுதிகளில் ஊர்ப் பெயர்ப்பலகைகள் இரு மொழிகளிலும் உள்ளன. அரச அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் அவர்கள் தாய்மொழியைப் பயன்படுத்தலாம். பவுட்சன் நகரிலிருந்து சோர்பிய நாளேடொன்றும் வெளிவருகிறது.

எனினும், மாணவர் தொகை போதாதெனக் கூறி, குரோஸ்ட்விட்ஸ் கிராமத்தின் சோர்பிய இடைநிலைப் பாடசாலையில் ஐந்தாம் தரத்தை ஆரம்பிக்க 2001 இல் அனுமதி மறுக்கப்பட்டது. பெற்றோர் போராடினர். ஆயினும், 2003 இல் அப்பாடசாலை மூடப்பட்டது. சிறுபான்மையினரின் பாடசாலையைப் பெரும்பான்மையினருக்குரிய அளவுகோலால் அளந்தால், சட்டம் தந்த மொழியுரிமை பெயர்ப்பலகையோடு நின்றுவிடும்.